மேலே போன நாடி

"இத்தால் சகல பொதுமக்களுக்கும் அறியத் தருவது யாதெனில்! நாட்டினதும் மக்களினதும் பாதுகாப்பைக் கருத்திற் கொண்டு, இன்று முதல் பொது இடங்களில் எவரும் எக்காரணம் கொண்டும் தமது முகத்தை மறைத்தலாகாது. ஹெல்மெட், சால்வை, துவாய், மப்ளர், முக்காடு, மற்றும் முகம் எனப்படுவதை மறைக்கவல்ல எந்தவொரு வஸ்துவும் தடை செய்யப்பட்டுள்ளது. படையினரின் கடமைக்கு உதவுவோர் மாத்திரம் இவ்வுத்தரவிலிருந்து விலக்களிக்கப்படுவர். மீறுவோர் மீது கடும் நடவடிக்கை! கடும் நடவடிக்கை!"

எண்பத்தாறாம் ஆண்டின் அந்தப் புழுதிக் காலையில், மட்டக்களப்பு நகரத்துக்கு இவ்வளவு முக்கியமான செய்தி வந்து சேர்ந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து வாசித்தவர் புழுதிக்குப் பயந்து கண்ணுக்குக் கீழே கைலேஞ்சி கட்டியிருந்தார்.

"முதல்ல அவனைப் பிடிங்கப்பா," என்றான் பாறூக், ஜன்னலில் நின்றபடி.

பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறைதான் நல்லரத்தினத்தின் காரியாலயம். 'தனியார் துப்பறிவாளர்' என்று வெளியே பலகை இருந்தது. மூன்று மாரி மழைக்குப் பிறகு அதில் 'தனியார் துப்ப' மட்டும் மிஞ்சியது. வெற்றிலை போடுகிறவர்கள் அதை ஓர் அழைப்பாக எடுத்துக்கொண்டு பலகைக்குக் கீழே சுவரைச் சிவப்பாக்கி வைத்திருந்தார்கள்.

தொழிலும் அந்த நிலையில்தான். முன்னெல்லாம் காணாமல் போன மாடு வரும், சைக்கிள் வரும், மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கச் சொல்லிப் பெண் வீட்டார் வருவார்கள். இப்போது ஊரில் மனிதர்களே காணாமல் போகத் தொடங்கிவிட்டதால் மாட்டைத் தேட யாருக்கும் மனமில்லை. மனிதர்களைத் தேட நல்லரத்தினத்துக்குத் தெம்பில்லை. ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, எதைப் பார்த்தாலும் கொட்டாவி.

பாறூக் அவருடைய உதவியாளன், மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரன், காத்தான்குடிக்காரன். நாற்பதை நெருங்குகிறவன். சவூதியில் இருக்கும் தம்பி அனுப்பிய, முகத்தை முழுக்க மூடும் கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட் ஒன்று அவனிடம் இருந்தது. உம்மா பெயரைச் சொல்லி அதைத் துடைப்பான்.

"அண்ணன், இனி இதை என்ன செய்யிற? போடாட்டி ட்ராபிக் பொலிஸ் தண்டம் எழுதுறான். போட்டா ஆமி அடிக்கிறான். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பொலிஸ், அந்தப் பக்கம் ஆமி. பாலத்துக்கு நடுவில வச்சித்தான் கழட்டோணும்."

"அதில சோறு போட்டுச் சாப்பிடு," என்றார் நல்லரத்தினம்.

அப்போதுதான் வசந்தாதேவி படியேறி வந்தாள். ஆரையம்பதிக்காரி. புருஷன் அழகரத்தினம் சைக்கிள் கடை வைத்திருந்தான். முந்தாநாள் சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

"நாளைக்கு விடிய லொறியில ஏத்தித் தெற்கால அனுப்பப் போறாங்களாம், ஐயா. அங்க போனவங்க ஒருத்தரும் திரும்பி வரல்ல. இண்டைக்குள்ள ஏதும் செய்யோணும்."

"நான் என்னகா செய்யிற? வழக்கறிஞரிட்டப் போ."

"போனன். காட்டிக் குடுத்தவன் ஆர், ஏன் காட்டிக் குடுத்தான் எண்டு தெரியாம ஒண்டும் செய்ய ஏலாதாம். அதைக் கண்டுபிடிக்கிறது உங்கட வேலையாம்."

நல்லரத்தினம் கொட்டாவி விட்டார். ஆனால் நாற்காலியில் இருந்து எழும்பினார். அவருக்கு அது பெரிய விஷயம்.

"ஆர் காட்டிக் குடுத்தது?"

"தலையாட்டி."

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட சாக்கைத் தலையில் கவிழ்த்து ஒருவனை ஜீப்பில் இருத்தி வைப்பார்கள். ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு இடம் வலமாக ஆடினால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் ஆடினால் லொறி.

பாறூக் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தட்டினான். "படையினரின் கடமைக்கு உதவுவோர். இப்பதான் விளங்குது. இந்த ஜில்லாவில முகம் மூட லைசன்ஸ் உள்ளவன் அவன் ஒருத்தன்தான்."

"எத்தின பேரைக் காட்டினான்?" என்று கேட்டார் நல்லரத்தினம்.

"ஊர் ஆம்புள முழுக்க நிண்டது, ஐயா. என்ட மனுசனை மட்டும்தான்."

நல்லரத்தினத்தின் கொட்டாவி பாதியில் நின்றது.

"முழு ஊரில ஒருத்தனா? காட்டிக் குடுக்கிறவன் இவ்வளவு சிக்கனமா இருக்க மாட்டானே. பாறூக், வண்டியை எடு."

*

வரிசையில் அழகரத்தினத்துக்கு அடுத்ததாக நின்றவர் பாக்கியராசா. கிராமாபிவிருத்திச் சங்கத் தலைவர். கூட்டம் இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பதாகவே பேசுவார்.

"வாருங்கள், வாருங்கள். அந்தக் கொடிய நாளின் நேரடிச் சாட்சி நான். என்னை அந்தச் சாக்கு நோக்கியபோது, நான் அஞ்சவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி அன்னப்பூரணி குரல் கொடுத்தாள். "வீட்டுக்கு வந்து ரெண்டு சாரன் மாத்தினவர்."

பாக்கியராசா கேளாதது போலத் தொண்டையைச் செருமினார்.

"தலைவர், அழகரத்தினத்தைப் பார்த்துச் சாக்கு எப்பிடி ஆட்டினது? செய்து காட்டுங்க," என்றார் நல்லரத்தினம்.

"எப்படி என்றால்? ஓம் என்று ஆட்டியது."

"ஓம் எண்டு சொல்லாம, கண்டதை மட்டும் செய்யுங்க."

பாக்கியராசா சால்வையைச் சரிசெய்து, கண்ணை மூடி நினைவுபடுத்தி, ஒரு தரம் தலையை அசைத்தார். உதட்டுக்குக் கீழே இருக்கும் நாடி வெடுக்கென்று மேலே போய் நின்றது.

"இன்னொருக்கா."

நாடி மறுபடி மேலே போனது.

"கீழ வரல்லையா?"

"பிறகு தானாக வந்திருக்கும். நாடி எவ்வளவு நேரம்தான் மேலே நிற்கும்?"

பாறூக் தன் தலையை ஆட்டிப் பார்த்தான். "அண்ணன், ஓம் எண்டா நாடி கீழதானே போகும்? மேல போனா..." பாக்கியராசாவைப் பார்த்து நாடியை வெடுக்கென்று தூக்கினான். "எப்பிடி, என்ன பாடு எண்டு கேக்கிற மாதிரியெல்லா இருக்கு."

"என்னைப் பார்த்தா நாடியைத் தூக்குகிறாய்?" தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன உன்ட மச்சானா?"

நல்லரத்தினம் தன் வாழ்நாளில் எந்தச் சங்கத் தலைவரையும் இவ்வளவு அன்பாகப் பார்த்ததில்லை.

"சரியாச் சொன்னீங்க, தலைவர். பெரியவங்களைக் கண்டா குனிவம். சின்னவனைக் கண்டா கூப்பிடுவம். வாயைத் திறக்காம நாடியால மட்டும் 'என்ன' எண்டு கேக்கிற உரிமை இந்த மட்டக்களப்பில மச்சானுக்கு மட்டும்தான் இருக்கு." அவர், பின்னால் பஸ்ஸில் வந்து வேலியோரம் நின்ற வசந்தாதேவியிடம் திரும்பினார். "தங்கச்சி, உனக்கு அண்ணன் தம்பி எத்தின பேர்?"

வசந்தாதேவியின் முகம் மாறிவிட்டது.

"ஒரே ஒரு அண்ணன். சீனித்தம்பி. மாங்கேணியில கலியாணம் முடிச்சி அங்கேயே இருக்கிறார். ஆனா ஆறு வருசமா எங்களோட கதை பேச்சில்ல, ஐயா."

"ஏன்?"

"எங்கட மூத்தவள் பெரியபிள்ளையான சடங்கில வெத்திலை வட்டாவை முதல்ல தாய்மாமனுக்குத்தானே நீட்டோணும். என்ட மனுசன் அவசரத்தில வேற ஒரு பெரிய மனிசனுக்கு நீட்டிட்டார். அண்ணன் எழும்பிப் போனவர் போனவர்தான்."

"அந்தப் பெரிய மனிசன் ஆர்?"

பாக்கியராசா மறுபடி தொண்டையைச் செருமினார்.

*

ஆரையம்பதியிலிருந்து மாங்கேணி வரை வழியெங்கும் சென்றி என்கிற காவலரண்கள். பாறூக் பதினெட்டுத் தரம் ஹெல்மெட்டைப் போட்டான், பதினெட்டுத் தரம் கழற்றினான். ஓட்டமாவடியில் கழற்ற ஒரு விநாடி தாமதமாகிவிட்டது. ஆமிக்காரனின் துவக்குப் பின்பக்கத்தால் ஹெல்மெட்டில் ஒரு தட்டு விழுந்தது.

"அல்லாட காவல், ஹெல்மெட் போட்டிருந்ததால தப்பினன்," என்றான்.

"போட்டதாலதான் அடிச்சவன்."

"அதுதான் அண்ணன், எவ்வளவு நல்ல ஹெல்மெட் பாத்தீங்களா?"

மாங்கேணியில் கடல் அமைதியாக இருந்தது. தோணிகள் எல்லாம் போயிருந்தன, ஒன்றைத் தவிர. அந்தத் தோணியின் நிழலில் சீனித்தம்பி படுத்திருந்தார். வாட்டசாட்டமான மனிதர். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று முகம் சொன்னது.

நல்லரத்தினம் எதிரே போய் நின்று நாடியை மட்டும் ஒரு தரம் மேலே தூக்கினார்.

சீனித்தம்பி கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நான் காட்டிக் குடுக்கல்ல," என்றார் விரல்களுக்குள்ளே இருந்து. "சத்தியமா நான் காட்டிக் குடுக்கல்ல."

"தெரியும். சொல்லுங்க."

"தங்கச்சியைப் பாக்கத்தான் வெளிக்கிட்டனான். ஆறு வருசம் காணும் எண்டு மனசு சொல்லிச்சி. கருவாடு கொஞ்சம் கட்டிக்கிட்டு வந்தனான். வழியில பஸ்ஸை மறிச்சி என்னை இறக்கிட்டாங்க. அவங்கட வழக்கமான ஆளுக்குக் காய்ச்சலாம். 'நீ வெளியூரான், ஒருத்தருக்கும் உன்னைத் தெரியா, நீ ஆட்டு' எண்டு சாக்கைக் கவிட்டுட்டாங்க. நான் முடிவெடுத்தன், எவன் வந்தாலும் இல்ல எண்டுதான் ஆட்டுற எண்டு. ஆட்டினன். கழுத்து விறைக்க விறைக்க ஊர் முழுக்க இல்ல எண்டு ஆட்டினன்."

"மறுகா?"

"மறுகா மச்சான் வந்து நிண்டார்." சீனித்தம்பி முகத்திலிருந்து கையை எடுத்தார். "வெறும் முகத்தோட எண்டா நான் மற்றப் பக்கம் பாத்திருப்பன். வீம்பு. சாக்குக்குள்ள இருந்ததால ஆருக்கும் தெரியாதே எண்டு... நாடி தன்பாட்டில போயிட்டு, ஐயா."

பாறூக் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான்.

"வாங்க, முகாமுக்குப் போய்ச் சொல்லுவம்," என்றார் நல்லரத்தினம்.

"நான் ஆர் எண்டு வெளியில தெரிஞ்சா? சாக்குக்குள்ள இருந்தவன் இவன்தான் எண்டு துவக்கு வச்சிருக்கிற இயக்கத்துக்குக் கேட்டா? விளக்குக் கம்பத்தில கட்டுவாங்க. 'துரோகி' எண்டு மட்டையில எழுதித் தொங்க விடுவாங்க. நாடி மேல போனதா கீழ போனதா எண்டு அவங்க கேக்க மாட்டாங்க."

அது உண்மை. முகாம் வாசலில் எப்போதும் மனுக் கொடுக்க வந்த சனம் நிற்கும். முகத்தோடு போனால் சீனித்தம்பி இல்லை. முகத்தை மூடிப் போனால் உத்தரவு இருக்கிறது.

நல்லரத்தினம் அலுப்போடு பாறூக்கின் மடியைப் பார்த்தார். பாறூக் ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்தான்.

"வேணாம், அண்ணன்."

"குடு."

*

வழியில் இருந்த சென்றிகளில் சீனித்தம்பி கழற்றினார், போட்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. முகாம் வாசலில்தான் சிக்கல். மனுக் கொடுக்க வந்தவர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரன் துவக்கைத் தூக்கினான்.

"ஹெல்மெட் கழட்டு!"

நல்லரத்தினம் அவன் காதருகே போய், மிகுந்த மரியாதையோடு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"தலையாட்டி."

காவல்காரன் துவக்கைத் தாழ்த்தித் தடுப்புக் கம்பியை உயர்த்தினான். போதாக்குறைக்கு ஒரு சல்யூட்டும் அடித்தான். இதுவரை எந்தத் துப்பறிவாளருக்கும் கிடைக்காத மரியாதை அது. அவருக்குக் கிடைத்ததல்ல, ஹெல்மெட்டுக்கு.

கப்டன் வயதில் சின்னவன்தான். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், நல்லரத்தினத்தைவிடக் களைத்திருந்தான். தமிழ் பேசுவான், தட்டித் தடுமாறி. அறைக் கதவைச் சாத்தி, கதை முழுக்கக் கேட்டான். பிறகு தலையை அசைத்தான். இடமும் வலமும்.

"அது சரிவராது. தலை மேலே போனது, கீழே வந்தது, எல்லாம் ஓம்தான். அதோட, அந்த அழகரத்தினமும் திருப்பி ஆட்டினது. நான் கண்ணால பாத்தது. ரெண்டு பேரும் ஒரு கூட்டம். ஏன் ஆட்டினது என்று கேட்டா கழுத்துப் பிடிப்பு என்று சொல்றான். நாளைக்கு லொறி."

நல்லரத்தினம் முழங்காலைத் தடவினார். தனக்குக் கேட்கவில்லை என்பது போல வேறு கதை எடுத்தார்.

"கப்டன், நீங்க கலியாணம் முடிச்சிட்டீங்களா?"

"ஓம்."

"மனிசிக்கு அண்ணன் தம்பி இருக்கா? உங்கட பாஷையில மஸ்ஸினா எண்டுதானே சொல்லுற?"

"ரெண்டு மஸ்ஸினா இருக்கு." கப்டனின் முகத்தில் ஒரு கணம் வீட்டு வாசல் தெரிந்தது. "லீவு இல்லை. ஒரு வருஷம் பாக்கல்ல."

"சரி. லீவு கிடைச்சி ஊருக்குப் போறீங்க. பஸ்ஸால இறங்குறீங்க. தெருவுக்கு அந்தப் பக்கம், தூரத்தில மஸ்ஸினா நிக்கிறார். என்ன செய்வீங்க?"

கப்டன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். நாடி வெடுக்கென்று மேலே போனது.

உயர்த்திய நாடியை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியாமல் கப்டன் அப்படியே நின்றான்.

"இப்ப கப்டன் சேரையும் லொறியில ஏத்தோணும்," என்றான் பாறூக், சுவரைப் பார்த்து.

கப்டன் மெல்ல நாடியை இறக்கினான். மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தான். வெளியே பார்த்து ஏதோ சிங்களத்தில் சொன்னான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அழகரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

உதடு வெடித்திருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. திறந்திருந்த கண்ணால் அழகரத்தினம் அறையைச் சுற்றிப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டோடு மூலையில் நின்ற உருவத்தைக் கண்டான். கழுத்தைத் தடவிக்கொண்டான்.

*

அழகரத்தினத்தின் வீட்டுக்குப் பின்வேலிப் படலையால்தான் போனார்கள். ஜன்னலெல்லாம் சாத்திய பிறகுதான் சீனித்தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினார். வசந்தாதேவி அண்ணனைக் கண்டு அழுதாள், ஏசினாள், மறுபடி அழுதாள், பிறகு தேத்தண்ணி வைக்கப் போனாள்.

"மச்சான்," என்றார் சீனித்தம்பி, தலையைக் குனிந்து. "என்னை மன்னிச்சிரு. அண்டைக்குச் சாக்குக்குள்ள இருந்தது..."

"நீதான்," என்றான் அழகரத்தினம்.

நல்லரத்தினம் நிமிர்ந்தார். "உனக்கு முதலே தெரியுமா?"

"இதென்ன கேள்வி, ஐயா. இந்த நாடியை எனக்குத் தெரியாதா? அதுதானே நானும் திருப்பி ஆட்டினன்."

"ரெண்டு நாள் அடி வாங்கினியே. என்ட மச்சான்தான் எண்டு சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்களே!"

"உள்ளுக்க என்னோட எத்தின பேர் இருந்தவங்க தெரியுமா? அவ்வளவு பேருக்கும் காது இருக்கு. அவனுகள் வெளியில வந்து சொன்னா இவன்ட உயிர் மிஞ்சுமா?" அழகரத்தினம் வெடித்த உதட்டைத் துடைத்தான். "கழுத்துப் பிடிப்பு எண்டு சொன்னன். ரெண்டு நாளில அது உண்மையாவே வந்திட்டு."

சீனித்தம்பி அழுதார். பாறூக் மூக்கைச் சிந்தினான். நல்லரத்தினத்துக்குக்கூட, தொழில் தொடங்கி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாகத் தோன்றியது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பலகைக்குப் புதுப் பெயின்ற் அடிக்க வேண்டும். 'நாடி பிடித்துக் குற்றம் காணும் நல்லரத்தினம்' என்று எழுதினால் எப்படி இருக்கும்? யோசித்துக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி முடிந்தது. வசந்தாதேவி வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து புருஷனின் கையில் கொடுத்தாள். பளபளவென்று துலக்கிய பித்தளை வட்டா. அழகரத்தினம் வலியோடு எழும்பி, இரண்டு கையாலும் அதை ஏந்தி, நல்லரத்தினத்திடம் நீட்டிச் சொன்னான்:

"எங்கட குடும்பத்தை ஒண்டாக்கி வச்ச தெய்வம் நீங்க, ஐயா. முதல்ல நீங்க எடுங்க."

பாறூக் மேசைக்குக் கீழே காலால் ஓங்கி உதைத்தான். உதை முழங்காலில் பட்டது. அது நல்லரத்தினத்தின் நோயான முழங்கால்தான். ஆனால் அவர் கை அதற்குள் வெற்றிலையை எடுத்துவிட்டது.

சீனித்தம்பி எழும்பினார். ஹெல்மெட்டைத் தலையில் போட்டார். போய்விட்டார்.